ஷேருவின் தண்ணீர்க் கிண்ணம்

தீவுக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் டாக்டர் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நாய்கள் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதற்கு என்னென்ன காரணங்கள் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படி ஒன்றைக் கேட்டால், அவள் காரணங்களை ஓரம் கட்டிவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாள். அது தெரியாமல் கேட்டிருந்தால் தப்பு உங்களுடையது.

காரணங்கள் உங்கள் போனிலேயே இருக்கின்றன. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துதான் நீங்கள் எல்லோரும் பாஸாகி வந்திருக்கிறீர்கள். அது இந்தத் தீவில் என்ன வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்பதை வேண்டுமானால் நான் சொல்லலாம். இங்கே நாய்க்கும் மீன்தான் சாப்பாடு. கருவாட்டுத் தலையைக் கொதிக்கவைத்துச் சோற்றில் பிசைந்து போடும் வீடுகள் ஏராளம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும், அதில் நாய்க்குத் தனிச் சட்டம் கிடையாது. மழைக்காலத்தில் ஓயாமல் சொறிந்துகொள்ளும் நாய்க்குக் கடையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கிடைக்கும். சொறி நிற்கும், தாகம் பிடித்துக்கொள்ளும். அதில் ஸ்டீராய்டு இருப்பது வாங்கினவருக்குத் தெரியாது. "மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டால் இல்லை என்று சத்தியம் செய்வார். "அரிப்புக்கு ஏதாவது?" என்று கேளுங்கள், பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டுவார். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அங்கேயே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

நாய் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று ஒரு வீட்டம்மா சொன்னால் உங்கள் வேலையில் பாதியை அவர் முடித்துவிட்டார், சர்க்கரையைப் பாருங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் வந்து போன சில வாரங்களில் தண்ணீர்ப் பானையே கதி என்று கிடந்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வயதான நாய் என்றால் கிட்னி.

இவ்வளவும் தெரிந்து தலைமுடி நரைத்த பிறகும் ஒரு நாள் நான் கையும் காலும் ஓடாமல் நின்றேன். அந்த நாயின் பெயர் ஷேரு. அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

ஷேருவைக் கொண்டு வந்தவர் பெருமாள். பெரார்கஞ்சில் ஒரு பாக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர், பக்கத்திலேயே கொஞ்சம் வயலும் உண்டு. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து ரப்பர் வேலைக்காக இந்தத் தீவுகளுக்கு வந்த குடும்பம். சின்னப் பிள்ளையாக வந்தவர்தான், ஆனாலும் அந்த மலைப்பேச்சு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. காலை ஓ.பி. முடியும் நேரத்தில் நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். உயரமான மனிதர். சட்டை முழுக்க நாயின் வாந்தி.

"கும்பிடுறேன் டாக்டரம்மா. ஒரு ஊசி போட்டுடணுங்க."

"என்ன ஊசி?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். "கஷ்டப்படாம போயிடுற ஊசிங்க."

நாய் நல்ல தேன் நிறம், நெஞ்சில் மட்டும் ஒரு கை வெள்ளை. பல்லைப் பார்த்தேன், நாலு வயதுக்கு மேல் இருக்காது. ஒட்டிப்போன வயிறு. கண் குழி விழுந்து, வெள்ளை விழி சிவந்து கிடந்தது. தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினபடியே நின்றது.

"எதுக்குப் பெருமாள்? வயசுப் பிள்ளையா இருக்கானே."

"ஏலாதுங்க டாக்டரம்மா. தண்ணியக் கண்டா விடமாட்டேங்குது. குடிச்சிக் குடிச்சி வீடு பூரா பேஞ்சி வைக்கிது. தின்ன மாட்டேங்குது, தின்னாலும் கக்கிடுது. வீட்டுலயும் அவளுக்குச் சொகமில்ல, படுத்துக் கெடக்குறா. நான் எதத் தொடப்பேன், எதக் கழுவுவேன்? தோட்டத்துக்கும் போவணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவ எந்திரிச்சிக் கேக்குறதுக்குள்ள முடிச்சிட்டா, ஓடிப்போச்சின்னு சொல்லிக்குவேன்."

வீட்டுக்குள் ஏன் நாய் என்று மெயின்லேண்டில் வளர்ந்தவர்கள் கேட்பீர்கள். மழைக்காலத்தில் பூரானுக்குப் பயந்து நாயை வீட்டுக்குள் படுக்கவைக்கும் பழக்கம் இங்கே உண்டு. நம் பூரானை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் பாக்கியசாலிகள். ஒரு முழம் நீளத்துக்கு வரும், கடித்தால் பெரிய ஆளே சுருண்டு விழுவார். நாய் உள்ளே இருந்தால் ஊர்ந்து வருவதைப் பார்த்துக் குரைக்கும். ஆக ஷேரு அந்த வீட்டின் காவல்காரன், படுக்கை சமையலறை மூலையில்.

வேண்டாத பிராணியைத் தலைமுழுக வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் எனக்கு வாய் நீளம். பெருமாளிடமும் நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த மனிதர் பேசிக்கொண்டே நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய கை செய்கிற வேலை அவருக்கே தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

ஊர்ப் பக்கத்திலேயே கேட்டால் மனைவியின் காதுக்குப் போய்விடும் என்றுதான் ஜீப் பிடித்து பம்பூஃப்ளாட் வந்து, அங்கிருந்து ஃபெர்ரி ஏறி, சாத்தம் படகுத்துறையில் இறங்கி ஆட்டோவில் வந்திருக்கிறார். திரும்பிப் போகிற ஃபெர்ரியைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. வெளியே வராந்தாவில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். நம்பிக்கையில்லாத நிலையில் ஒரு நாய், சொந்தக்காரர் சம்மதம், வீட்டில் பார்க்க ஆள் இல்லை. சட்டப்படி அந்த ஊசியை நான் போட்டிருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த நேரத்தில் ஷேரு மேஜையிலிருந்து நழுவி இறங்கினான். (நாயை 'அது' என்று எழுத எனக்குக் கை வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) தள்ளாடித் தள்ளாடி மூலைக்குப் போனான். அங்கே தரை துடைக்கிற வாளி இருந்தது. ஃபினாயில் கலந்த அழுக்குத் தண்ணீர். ஃபினாயில் வாடைக்கு எந்த நாயும் முகத்தைத் திருப்பும். இவன் வாயை விட்டான். நான் ஓடிப் போய் வாளியை இழுத்ததும் என்னைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. எத்தனையோ பேர் இழுத்துப் பழக்கம் போலிருக்கிறது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வைக்கிறீங்க?"

"காலையில ஒரு கிண்ணங்க. மொதல்ல நெறைய வச்சோம், அம்புட்டும் பேயுது. அதனால கொறச்சோம். ராத்திரிக்கு வைக்கவே கூடாதுன்னு சொல்லிப்புட்டேன். கொறச்சும் பேயுதுங்க."

இந்தத் தப்பை இனி வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்பீர்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. குடிப்பதால்தான் போகிறது, குடிப்பதைக் குறைத்தால் போவதும் குறையும் என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் போடுவார்கள். இந்த நோய்களில் கணக்கு தலைகீழ். போவதால் குடிக்கிறான். கிட்னிக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தெரியாமல் போய்விட்டது. ஓட்டைக் குடத்தில் ஊற்றுவதை நிறுத்தினால் ஓட்டை அடைபடாது, குடம்தான் காயும். ஷேரு காய்ந்துபோயிருந்தான்.

ஆனால் நாலு வயது நாய்க்குக் கிட்னி ஏன் திடீரென்று கெட வேண்டும்? கருவாடு உண்டா என்றேன், இல்லை. அரிப்பு மாத்திரை இல்லை. எலி மருந்து வைக்கவில்லை. அறுப்பு நேரத்தில் வயலுக்கு வருவானா என்றேன்.

"அவ பின்னாலயேதாங்க திரிவான். அவ வரப்புல நின்னா இவன் தண்ணியில நிப்பான்."

எனக்குத் தொழில் பழக்கிய மூத்தவர் ஒருவர், நாயைத் தொடுவதற்கு முன்னால் கூட வந்த ஆளின் வீட்டைப் பற்றி விசாரிப்பார். வெட்டிப் பேச்சு என்று அப்போது நாங்கள் சிரிப்போம். அன்று என் வாயில் தானாக அந்தக் கேள்வி வந்தது. "வீட்டுல அவங்களுக்கு என்ன சொகமில்ல?"

"காச்சலுங்க. அறுப்பு வேலைக்குப் போனாளா, ஒடம்பு வலி. கெண்டக்காலு ரெண்டும் கடுக்குதுன்னு அழுவுறா. நடக்க முடியல."

"கண்ணு?"

"செவந்து கெடக்குதுங்க. தூக்கமில்ல பாருங்க." சொல்லிவிட்டு அவரே குனிந்து ஷேருவின் கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கும் ஏதோ உறைத்துவிட்டது.

இந்தத் தீவில் வேலை பார்க்கப் போகும் ஒவ்வொருவரும் லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல், என்ற சொல்லைத் தூக்கத்திலும் மறக்கக் கூடாது. எலி ஒன்றுக்குப் போன தண்ணீர், வயலிலும் வாய்க்காலிலும் நிற்கும். காலில் சேற்றுப்புண்ணோடு அதில் இறங்கினால் மனிதருக்கும் வரும், நாய்க்கும் வரும். நோய் வந்த நாயின் சிறுநீரிலும் கிருமி இருக்கும். ஆரம்பத்தில் பிடித்தால் சாதாரண மருந்திலேயே அடங்கும். விட்டால் ஈரல், கிட்னி, நுரையீரல் என்று போய்விடும்.

என் சங்கடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கையில் ரத்தப் பரிசோதனை முடிவு இல்லை. நான் மனிதர்களுக்கு டாக்டரும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும், முகம்கூடத் தெரியாத ஒரு பெண்ணுக்கு இன்ன நோய் என்று நான் சொல்லப் போகிறேன். தப்பாக இருந்தால், மாட்டு டாக்டருக்கு ஏன் இந்த வேலை என்று ஊர் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும் என்று போனை எடுக்கச் சொன்னேன். சிரிப்பில் யாரும் சாவதில்லை.

பெருமாள் மனைவியின் பெயர் லெட்சுமி. போனை ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்து அடித்து, கடைசியில் ஒரு மெலிந்த குரல்.

"எங்க போயிட்டீங்க? ஷேரு எங்க?"

தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவர் சாப்பிட்டாரா என்று கேட்கவில்லை. முதல் கேள்வி அதுதான். பெருமாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லாதீர்கள் என்று.

நான் போனை வாங்கினேன். யார் என்று சொன்னேன். "லெட்சுமி, உங்களுக்கு உடம்பு மஞ்சளா இருக்கா? ஒண்ணுக்குச் சரியாப் போகுதா?"

"டாக்டரம்மாங்களா? ஷேருவுக்கு ஊசி போட்டுட்டீங்களா?"

"இல்லை."

"பொய் சொல்லாதீங்கம்மா. அவரு நேத்தே பக்கத்து வீட்டுல பேசிக்கிட்டு இருந்தாரு, எங்காதுல விழுந்திச்சி." அழ ஆரம்பித்துவிட்டார். "அவன் மேல தப்பில்லீங்க. நான்தான் ராத்திரியில தண்ணி குடுத்தேன். இவரு தூங்கினப்புறம் சொம்புல மொண்டு வைப்பேன். எத்தன சொம்பு வச்சாலும் தீத்துட்டு மூஞ்சியப் பாப்பான். பாக்க சகிக்காதுங்க. அப்புறம் பேஞ்சிடுவான். இவரு எந்திரிக்கிறதுக்குள்ள நானே கையால வழிச்சித் தொடச்சிடுவேன். அதுக்கா கொல்லுறது?"

நான் பெருமாளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வெறும் கை. பாக்கு உரித்து உரித்து வெடித்திருக்கும் கை, கிருமி நுழைய அது போதும். இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

"லெட்சுமி, நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க இப்பவே ஹெல்த் சென்டருக்குப் போகணும். நாய்க்கு என்ன வியாதியோ அதே வியாதி உங்களுக்கும் இருக்குன்னு நெனைக்கிறேன்."

"ஷேரு வராம நான் எங்கயும் போவமாட்டேன்."

பிடிவாதக்காரி. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. உயிருக்கு வாக்குக் கொடுக்காதே என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், உங்களுக்கு முன்னால் வந்தவர்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கீழே பார்த்தேன். அந்த நாய் பிழைக்கப் பாதிக்குப் பாதிகூட வாய்ப்பில்லை.

"அவன் உயிரோட என் கால்கிட்டதான் படுத்திருக்கான். இங்கயே சேர்த்துக்கிறேன். நீங்க குணமாகி வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் என் பொறுப்பு. போதுமா? இப்ப எந்திரிங்க."

"அவனுக்குத் தண்ணி குடுப்பீங்களா?"

"கேக்குறப்பல்லாம் குடுப்பேன்."

"சரிங்க" என்றார்.

லெட்சுமியின் பக்கத்து வீட்டில் ஒரு வங்காளி அம்மாள், எல்லோரும் மீனாதீ, அதாவது மீனா அக்கா, என்று கூப்பிடுகிறவர். அவரைப் போனுக்கு வரச் சொல்லி ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னேன். "ஹாங் ஹாங், அபி லேகே ஜாத்தி ஹூ, டாக்டர் சாஹிப்" என்று, இப்போதே கூட்டிப் போகிறேன் என்று, முழுதும் கேட்காமலே போனை வைத்தார். அந்த வேகம் போதும் எனக்கு. நான் சொன்ன சந்தேகத்தை ஒரு சீட்டில் எழுதிப் படம் பிடித்து அவர் போனுக்கு அனுப்பினேன். அன்றைக்கே லெட்சுமியை ஹெல்த் சென்டரிலிருந்து போர்ட் பிளேயர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிவிட்டார்கள். அங்கே பார்த்துவிட்டு, லெப்டோதான், ஈரலைத் தொட ஆரம்பித்திருக்கிறது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்களாம்.

பெருமாள் அதைச் சொல்ல வந்தபோது ஷேருவைத் தனி அறையில் டிரிப்பில் போட்டிருந்தோம். வாசலிலேயே நின்று கேட்டார். "இவன்தான் அவளுக்குக் குடுத்தானா டாக்டரம்மா?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். உங்களிடமும் வரும். அப்போது யோசித்துப் பேசுங்கள், ஒரு நாயின் கதி உங்கள் வாயில் இருக்கும்.

"ரெண்டு பேரும் ஒரே வயல் தண்ணியில நின்னவங்க பெருமாள். யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு அந்த எலியத்தான் கூப்பிட்டுக் கேக்கணும். ஆனா ஒண்ணு. இவன் இப்படிக் குடிக்கலைன்னா நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க. நானும் அவங்க காய்ச்சலப் பத்திக் கேட்டிருக்க மாட்டேன்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். செருப்பை மாட்டச் சொல்லி, கையுறையும் மாட்டிவிட்டேன்.

அடுத்த நாள்தான் கஷ்டமான நாள். அதுவரை வீடு பூராவும் நனைத்தவன் ஒரு சொட்டு விடவில்லை. டிரிப் ஏறுகிறது, வாய்க்குத் தண்ணீர் காட்டினால் நக்குகிறான், வெளியே ஒன்றும் வரவில்லை. கிட்னி கையை விரித்துவிட்டால் இப்படித்தான் இருக்கும். அதற்கு மேல் தண்ணீர் ஏற்றினால் நுரையீரலில் போய் நிற்கும், ஏற்றாவிட்டால் காய்ந்தே போவான். கூட இருந்த டாக்டர் ஒருவர் வாய்க்குத் தண்ணீர் வைப்பதையாவது நிறுத்தலாமே என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் மூச்சை எண்ணினேன், நெஞ்சைத் தட்டிப் பார்த்தேன், டிரிப்பை மெதுவாக்கினேன். வாய்த் தண்ணீரை நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பஞ்சில் நனைத்தாவது. அது வைத்தியமா, லெட்சுமிக்குச் சொன்ன வார்த்தையா என்று கேட்டால் இரண்டும்தான். மருத்துவமாகவும் அது தப்பில்லை என்று தெரிந்துகொண்டுதான் செய்தேன், இல்லாவிட்டால் செய்திருக்க மாட்டேன்.

பெருமாள் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் தெரிந்தவர்களிடம் சொல்லிப் படுக்க இடம் பிடித்துக் கொடுத்தேன். ஆனால் அவர் படுத்த மாதிரி தெரியவில்லை. "அவ கேக்குறா. என்னா சொல்ல?" என்று வந்து நிற்பார்.

"உயிரோட இருக்கான்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே."

"பேஞ்சானான்னு கேக்குறாங்க."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும் பெண், கணவரை விட்டு விசாரிக்கச் சொன்ன விஷயத்தைப் பாருங்கள். நர்ஸ் இவளுடைய சிறுநீரை அளக்கிறாள், இவள் நாயுடையதை அளக்கச் சொல்கிறாள்.

அன்று மதியம் நான் இன்னொரு அறையில் ஒரு கன்றுக்குட்டிக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியே அதிர்கிற மாதிரி ஒரு குரல். "டாக்டரம்மா! டாக்டரம்மா! பேஞ்சிட்டான்!"

பாதிக் கட்டோடு ஓடினேன். தனி அறையில் தரையில் ஈரம், வாசல் வரைக்கும். பெருமாள் அதன் நடுவில் கையுறை மாட்டிய கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, யாரையும் மிதிக்க விடாமல் நின்றார், ஏதோ கோலத்தைக் காப்பாற்றுகிறவர் மாதிரி. முகமெல்லாம் கண்ணீர். எந்த ஈரத்தைத் துடைக்க மாட்டாமல் நாயைக் கொல்லக் கொண்டுவந்தாரோ, அதே ஈரத்துக்காக நாங்கள் எல்லோரும் காத்துக்கிடந்தோம். அதை ப்ளீச்சிங் பவுடர் போட்டு அவரே துடைத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. துடைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார் சொல்ல.

அதற்குப் பிறகு ஷேரு மெதுவாகத் தேறினான். முதலில் தாகம் இன்னும் அதிகமானது, பயந்துவிடாதீர்கள், கிட்னி திரும்பி வரும்போது அப்படித்தான் வரும். கேட்டபோதெல்லாம் கொடுத்தோம். வாந்தி நின்றது. கஞ்சி இறங்கியது. ஒரு நாள் என் குரலுக்கு வால் அசைந்தது. லெட்சுமியும் அதே வேகத்தில்தான் தேறினார் என்று பெருமாள் வந்து வந்து சொல்வார். அவள் இட்லி சாப்பிட்டாள் என்பார், இவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்பார்.

லெட்சுமியை டிஸ்சார்ஜ் செய்த அன்று, நேராக எங்களிடம்தான் வந்தார். நான் குரலை வைத்து ஒரு பெரிய உருவத்தை நினைத்து வைத்திருந்தேன். என் தோளுக்குக்கூட எட்டாத ஒல்லிப் பெண். முகத்தில் மஞ்சள் இன்னும் முழுசாகப் போகவில்லை. வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளே ஷேரு எழுந்து நின்றுவிட்டான். எலும்பும் தோலுமான உடம்பு மொத்தமும் ஆடியது. அவர் தரையிலேயே உட்கார்ந்து அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். கையுறை மாட்டச் சொல்ல வேண்டியவள் நான்தான், கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன்.

பிறகு பையிலிருந்து வீட்டுக் கிண்ணத்தை எடுத்தார். அலுமினியக் கிண்ணம், ஓரம் நசுங்கியது. மீனாதீ கொண்டுவந்து கொடுத்ததாம். குழாயில் பிடித்து நிறைய வைத்தார். ஷேரு குனிந்து நாலு நக்கு நக்கினான். நிமிர்ந்து, வாயைத் துடைத்துக்கொள்கிற மாதிரி நாக்கைச் சுழற்றிவிட்டு, அவர் கால்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டான்.

லெட்சுமி கிண்ணத்தை அவன் மூக்குப் பக்கம் தள்ளினார். அவன் முகத்தைத் திருப்பினான். மறுபடியும் தள்ளினார்.

"என்னங்கம்மா, குடிக்க மாட்டேங்குறானே?" பதறிப்போய் என்னைப் பார்த்தார். கிண்ணம் வைத்தால் காலியாகும் என்றுதான் அத்தனை நாளாக அவருக்குப் பழக்கம்.

"அவனுக்குத் தாகம் எடுக்கல லெட்சுமி. அவ்வளவுதான்."

இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது, கொஞ்ச நாளைக்குக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும், அவனுக்குப் படுக்கத் தனிச் சாக்கு, அடுத்த மழைக்கு முன்னால் தடுப்பூசி, வயலில் இறங்கும்போது காலுக்கு பூட்ஸ். லெட்சுமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பெருமாள் நாயை ஆட்டோவில் ஏற்றினார், மனைவியை ஏற்றினார், திரும்பி வந்து தரையிலிருந்த கிண்ணத்தை எடுத்தார். தண்ணீரைக் கொட்டப்போகிறார் என்று நினைத்தேன். கொட்டவில்லை. விளிம்பு வரை இருந்த தண்ணீரோடு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

"அதை எதுக்குப் பெருமாள் தூக்கிட்டுப் போறீங்க?"

"ஃபெர்ரியில கேட்டான்னா?"

எனக்கு வாய் சும்மா இருக்காது, தெரியுமே. "ஃபெர்ரியில தண்ணிக்கா பஞ்சம்? சுத்தியும் கடல்தான்."

"அது உப்புங்களே டாக்டரம்மா" என்றார், மிகவும் பொறுப்பாக.

ஆட்டோ சாத்தம் பக்கம் திரும்பியது. பின்னால் இருந்து பார்த்தால், ஒரு பக்கம் லெட்சுமி, நடுவில் தேன் நிறத்தில் ஒரு முதுகு, இந்தப் பக்கம் பெருமாள். சாலையில் பள்ளம் வந்தபோதெல்லாம் கிண்ணத்தை மடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பிடித்தார், ஒரு சொட்டும் சிந்தாமல்.